ஒன்றரை முழத் தூரம்

உன் பிரிவில் வேலை பார்த்த ராஜாத்தி கவனமில்லாதவள் அல்ல. கவனமில்லாதவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாற்பத்து மூன்று வயதில் அவளை வீட்டுக்கு அனுப்பியவன் நீ. அவள் கம்ப்யூட்டரில் மூன்றை எட்டு என்று அடித்தது உண்மை. ஆறைச் சைபர் என்று அடித்ததும் உண்மை. உன் அம்மாவான நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அவளுக்கு அந்த எண்கள் அப்படித்தான் தெரிந்தன. அவள் மூக்கின் மேல் இருந்தது அந்த வேலைக்கு உதவாத கண்ணாடி. உன் எதிரில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "எழுத்து தெரியுதாம்மா?" என்று ஒரே ஒரு நாள் நீ கேட்டிருந்தால் போதும். நீ கேட்கவில்லை. இதே தவறு நம் வீட்டில் உன்னை வைத்தே ஒரு முறை நடந்திருக்கிறது. அதனால் தெரியாது என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது.

இதைப் பற்றி உனக்கு இரண்டு இன்லண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நடுவில் அப்பாவுக்கு மட்டும் ஒரு கார்டு வந்தது; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒட்டி அனுப்பிய கடிதத்துக்கு நீ பதில் போடாததால் இதை ஒட்டாமல், எங்கள் ஆபீஸ் சங்கத்தின் மாத இதழில் போடக் கொடுக்கிறேன். ஒரு பிரதி உன் மெட்ராஸ் விலாசத்துக்கும் வரும். உன் பெயரை நான் போடவில்லை. ராஜாத்தி என்பதும் அவளுடைய பெயர் இல்லை. உண்மைப் பெயரைப் போட்டால், "எதுக்குக்கா தம்பிய நாலு பேரு முன்னால இழுக்குறீங்க" என்று அவளே வந்து என்னோடு சண்டை போடுவாள். அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீ ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். எழுபத்தெட்டு. அதுவரை கணக்கில் நன்றாக வாங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று தப்பும் தவறுமாக எழுத ஆரம்பித்தாய். போட்ட கணக்கு சரியாக இருக்கும். எடுத்து எழுதிய எண் தவறாக இருக்கும். கரும்பலகையில் முப்பத்தெட்டு இருந்தால் உன் நோட்டில் எண்பத்து மூன்று இருக்கும். உன் வாத்தியார் மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். நான் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு விசிறிக் காம்பால் உன் புறங்கையில் அடித்தேன். ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம். நீ ஒரு தடவைகூடத் 'தெரியவில்லை' என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள், தான்தான் மக்கு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். இதை நீயே பிற்பாடு சொன்னாய்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஒரு சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மூன்று பேரும் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ் காவிரிப் பாலத்தின் மேல் வந்தபோது அப்பா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அங்க பாருடா, கோயில்ல விளக்குப் போட்டுட்டான்" என்றார். நீ, "எந்தக் கோயில்ப்பா?" என்று கேட்டாய். "மலைக்கோட்டைடா. உச்சியில." நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "மலை தெரியுது. அது மேல கோயில் இருக்கா?" அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தினமும் மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதன் உச்சியில் கோயில் இருப்பது கேள்விப்பட்ட சங்கதியாக இருந்திருக்கிறது. மறுநாளே உனக்குக் கண்ணாடி வாங்கினோம். கடைக்கு வெளியே நின்று எதிர்க்கடைப் பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அம்மா, உனக்கு நெத்தியில தழும்பு இருக்கு" என்றாய். நான் அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் காலத்தில் வழக்கமில்லை. இப்போது கேட்கிறேன். நான் அடித்தது தவறு.

இனி என் கண்ணாடிக் கதை. பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நீ பாலிடெக்னிக் முடிக்கவில்லை. கண்டோன்மெண்டில் பாதி மின்விசிறி சுற்றாத கட்டடம் அது. மிஷினுக்கு என்று ஓர் அறையை அடைத்து, ஏசி வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, தரைக்கு விரிப்புப் போட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆயுதபூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தோம். கரன்ட் ஏறி இறங்கினால் அதற்கு ஆகாது என்று தனியாக ஒரு பெட்டி வைத்தார்கள். தூசி ஆகாது என்று ரெக்சினில் உறை தைத்தார்கள். அதன் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒருவனும் கேட்கவில்லை. ஃபைல் எழுதுவதற்காகச் செய்த மேசையில் அதைத் தூக்கி வைத்தார்கள். டைப்பிஸ்டுகளில் ஆறு பேரை உட்காரச் சொன்னார்கள். ஆறு மாதம் பார்ப்போம், ஒத்துவராதவர்கள் ரெக்கார்டு ரூமுக்குத் திரும்ப வேண்டியது என்றார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மிஷின் ஒத்துவராது என்று மேலிடத்தில் பேசிக்கொள்வதாகவும் காதில் விழுந்தது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு.

எனக்கு வெள்ளெழுத்து ஏற்கெனவே வந்துவிட்டது. கண்ணாடி மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு என்று இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடி போட்டிருந்தேன். டைப் அடிக்க அது போதும். காகிதம் மேசையில் கிடக்கும், குனிந்து பார்த்தால் தெரியும். திரை அப்படி இல்லை. அது நேர் எதிரே நிற்கிறது. மேல்பாதி வழியாகப் பார்த்தால் அது மிகவும் கிட்டே. கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் மிகவும் தூரம். பச்சை எழுத்துக்கு ஓரமெல்லாம் ரோமம் முளைத்த மாதிரி இருக்கும். கீழ்ப்பாதியில் பிடிப்பதற்காகத் தாடையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, மூக்கைத் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது பிடரியில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அப்பாவிடம் தைலம் தேய்த்துவிடச் சொல்வேன். "மிஷின் உனக்கு வேலை செய்யுதா, நீ மிஷினுக்கு வேலை செய்யிறியா" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பார்.

திரையின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது என்று ஆபீசில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆறு பேரும் போய்க் கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி வாங்கினோம். ஏசி அறைக்குள் ஆறு பேர் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு லோகநாதன், "மேடம், நாம எல்லாரும் கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு. ஆளுக்கு ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வரவா?" என்றார். அவர் என் பக்கத்து இருக்கை. என்னைவிட நான்கு வயது மூத்தவர். சிரித்தோம். ஆனால் மங்கலாக இருந்த எழுத்து இப்போது இருட்டாகவும் ஆகிவிட்டது. எல்லாரும் இன்னும் கிட்டே குனிந்தோம். தவறுகள் கூடின. வாரக் கடைசியில் யார் எத்தனை தப்பு என்று ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டினார்கள். என் பெயர் கீழிருந்து இரண்டாவது. உன் மதிப்பெண் அட்டைதான் என் ஞாபகத்துக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எனக்குக் கவனம் போதாமல் இல்லை, எனக்குத் தெரியவில்லை.

புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். இருபது அடி தள்ளி இருந்த பலகையைப் படிக்கச் சொன்னார், படித்தேன். கையில் ஒரு சிறு அட்டையைக் கொடுத்தார், படித்தேன். "தூரம் சரி, கிட்ட சரி. உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, போங்க" என்றார்.

"நடுவுல தெரியல டாக்டர்."

"நடுவுல என்னம்மா இருக்கு?"

"அங்கதான் டாக்டர் எனக்குச் சோறு இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்; படவில்லை. அவர் அதுவரை கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லையாம். "எவ்வளவு தூரத்துல இருக்கும்னு அளந்துட்டு வாங்க. சும்மா கையால காட்டாதீங்க" என்றார். மறுநாள் பூக் கட்டுகிற வாழைநார் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். எப்போதும் உட்காருகிற மாதிரி நாற்காலியில் சாய்ந்து, ஒரு நுனியை மூக்குத் தண்டில் வைத்து, மறு நுனியைத் திரையில் பிடிக்கும்படி லோகநாதனிடம் சொன்னேன். "என்ன மேடம், மிஷினுக்குப் பூ வைக்கப் போறீங்களா?" என்றார். "உறை தைக்கணும் சார், அதுக்கு அளவு" என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நார் நழுவாமல், மிகவும் பொறுப்பாகப் பிடித்தார். இரண்டு இடத்திலும் முடிச்சுப் போட்டேன். பூக்காரியின் கணக்கில் ஒன்றரை முழம்.

டாக்டர் அந்த நாரை வாங்கி ஒரு நுனியை என் மூக்கில் வைத்து, மறு நுனி போய்ச் சேருகிற இடத்தில் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கம்பவுண்டரைப் பிடிக்கச் சொன்னார். சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு சில்லாக மாற்றி மாற்றிப் போட்டார். தேதி தெரிந்தது, பிறகு கிழமை, பிறகு அடியில் ராகுகாலம், நல்ல நேரம் என்று பொடி எழுத்தில் இருந்த மூன்றும் எட்டும் தனித்தனியாக, ஓரம் வெட்டியது மாதிரித் தெரிந்தன. நான் அழுதுவிட்டேன். "ராகுகாலத்தப் பாத்து அழுத மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது முழுக்க ஒரே பவரு அக்கா, இத மிஷின் முன்னால மட்டும் போடுங்க. தெருவுல போட்டா பஸ் நம்பர் தெரியாது" என்றார். கறுப்புச் சாயம் கேட்டேன். "எழுத்தே சரியாத் தெரியலங்கிறீங்க, அது மேல இருட்ட வேற பூசணுமா? வெள்ளையாவே போட்டுக்குங்க. கூச்சம் இருந்தா ஜன்னலுக்கு முதுகக் காட்டாம மேசையத் திருப்பிப் போடுங்க" என்றார். அடிக்க வேண்டிய காகிதத்தை மேசையில் கிடத்தாமல், திரைக்குப் பக்கத்திலேயே அதே தூரத்தில் நிமிர்த்தி வைக்கச் சொன்னதும் அவர்தான். ஒரு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து நானே தாங்கி செய்துகொண்டேன். அப்பாவுக்கு ஒரே கேலி. "வீட்டுக்கு ஒண்ணு, மிஷினுக்கு ஒண்ணு. மூக்கு ஒண்ணுதான்டி இருக்கு."

ஒரே மாதத்தில் கதவுத் தாளில் என் பெயர் மேலே போய்விட்டது. கழுத்து வலி போனது. சாயங்காலம் நான் நானாக வீட்டுக்கு வந்தேன். இதுவரைதான் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அந்தக் கண்ணாடி வேறு கண்ணாடி என்று ஆபீசில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சட்டம் இரண்டுக்கும் ஒரே மாதிரியாக இருக்கும்படி பார்த்து வாங்கினேன். மேசை இழுப்பறைக்குள் கையை விட்டு, குனிந்து, யாரும் பார்க்காதபோது மாற்றிக்கொள்வேன். கண் போனவள் என்று தெரிந்தால் அந்த ரெக்கார்டு ரூம் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதுவார்கள் என்று பயந்தேன். "எப்படி மேடம் திடீர்னு பிடிச்சிட்டீங்க?" என்று லோகநாதன் கேட்டார். "பழக்கம்தான் சார்" என்றேன். ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு பேரை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் அவர். நார் பிடித்த அதே கையால் தன் டிபன் பாக்சையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு மிஷின் ராசி இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். சங்கத்தில் கம்ப்யூட்டரை எதிர்த்து வாசலில் கோஷம் போட்டபோது முதல் வரிசையில் நின்றவள் நான். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு டாக்டரின் விலாசத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த இதழ் அவர் கைக்கும் போகும். படித்துவிட்டு அவர் என்னை என்ன செய்தாலும் சரி.

இப்போது ராஜாத்தி. நம் தெருவில் நான்காவது வீடு. மில் மூடியதிலிருந்து அவள் புருஷன் நெஞ்சு நோயோடு கட்டிலில் கிடக்கிறார். தட்டச்சில் ஹையர் பரீட்சை முடித்தவள். கம்பெனிகளின் பில், ரசீதுகளை அடித்து ஏற்றுகிற தில்லைநகர் கம்ப்யூட்டர் சென்டரில் நீ சூப்பர்வைசர் ஆனதும் நான்தான் உன்னிடம் கெஞ்சி அவளைச் சேர்த்துவிட்டேன். அந்தச் சென்டரில் இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி. தர்ம ஆஸ்பத்திரியில் எடுத்த இரண்டு பவர் கண்ணாடியோடு, தாடையைத் தூக்கிக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். "ஆயா, டிவிக்குள்ள போயிடாதீங்க" என்று பெண்கள் சொல்வார்களாம். நீ அந்த அறையில்தான் இருந்தாயாம். சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சேர்ந்து மூன்றாவது மாதம் அவள் என்னிடம் வந்து, "உங்களுக்கு எப்படிக்கா கழுத்து வலிக்காம இருக்கு?" என்று கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பாமலே, "பழகிடும்" என்றேன். அதே சொல். ஆபீசில் சொல்லிச் சொல்லி வீட்டிலும் வந்துவிட்டது. அன்றைக்கு எழுந்து போய் அந்தக் கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் வைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அவள் ஓடிப்போய் நாலு பேரிடம் சொல்லிவிடுவாள், அது என் ஆபீசுக்கு வந்துவிடும் என்று அந்த நொடியில்கூடக் கணக்குப் போட்டேன். உன்னை மட்டும் திட்டுவதற்கு இந்தக் கடிதம் என்று நினைக்காதே.

எட்டாவது மாதம் நீ எழுதினாய்: 'கவனக்குறைவு. வயது காரணமாக இயந்திர வேலைக்கு ஏற்றவர் அல்ல.' அன்று மாலை அவள் வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "தம்பி மேல தப்பில்லக்கா. நான்தான் தப்புத் தப்பா அடிச்சேன். எனக்குப் புத்தி மழுங்கிடுச்சு போல" என்றாள். ஏழாம் வகுப்பில் நீ நினைத்துக்கொண்டதும் இதேதான். அடுத்த வாரமே உனக்கு மெட்ராஸ் தலைமை ஆபீசுக்குப் பதவி உயர்வு. ஜங்ஷனில் ரயில் ஏற்ற வந்தபோது நான் அவள் பேச்சை எடுத்தேன். "அம்மா, அது ஆபீஸ் விஷயம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாய். ரயில் நகர்கிற வரை நீ திரும்பி வரவில்லை. அடுத்த பெட்டியில் ஏறிக் கையை ஆட்டினாய்.

நீ போன பிறகு, காலம் கடந்த பிறகு, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தோளைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தேன். "அப்ப எனக்குப் புத்தி நல்லாத்தான்க்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாழைநாரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அதே டாக்டரிடம் போனோம், அதே பாய் கடையில் கண்ணாடி செய்தோம். ஒரு சனிக்கிழமை மதியம், ஆபீஸ் காலியான பிறகு, காவலாளியிடம் கெஞ்சி அவளை உள்ளே கூட்டிப்போய் என் இருக்கையில் உட்கார வைத்தேன். பழைய ரசீதுக் கட்டு ஒன்றைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தாடையைத் தூக்காமல், கட்டு முழுவதையும் அடித்தாள். நான் வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். ஓர் எண்கூடத் தவறவில்லை. "அக்கா, எட்டுக்கு இடுப்பு இருக்குக்கா" என்றாள். எட்டு மாதம் அவள் இடுப்பில்லாத எட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தத் தெம்பில் உன் பழைய சென்டருக்குப் போனேன். மேனேஜர் மரியாதையான மனிதர். "உக்காருங்கம்மா. காபி சொல்லவா?" என்றார்.

"காபி வேணாம் சார். அந்தப் பொண்ண ஒரு நாள் உக்கார வச்சுப் பாருங்க. கண்ணாடிதான் சார் தப்பு."

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஃபைல்ல சூப்பர்வைசர் எழுதினது இருக்கே. அத நான் எப்படித் தாண்டுறது? நாளைக்கு ஹெட் ஆபீஸ் கேட்டா?"

"எழுதினது என் பையன் சார்."

"அப்ப ரொம்ப சுலபமாச்சே. அவரையே ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. வர்ற பத்தாம் தேதி வரைக்கும் அந்த எடத்துக்கு ஆள் போடாம வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது."

படி இறங்கி வந்து வாசலில் என் செருப்பைத் தேடினேன். பத்து ஜோடி ஒரே மாதிரி கிடந்தது; எது என்னுடையது என்று புலப்படவில்லை. ரொம்ப சுலபமாம். டாக்டருக்குத் தெரியாததை ஒரு நாரை வைத்துப் புரியவைக்க முடிந்தது எனக்கு. மேனேஜர் காது கொடுத்துக் கேட்டார். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். நான் பெற்ற பிள்ளையிடமிருந்து இரண்டு வரி வாங்க எனக்கு வழி தெரியவில்லை. மெட்ராசுக்கு வந்து உன் ஆபீஸ் வாசலில் நிற்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அவன் பின்வாசல் வழியா போயிடுவான்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

ராஜாத்தி இப்போது அப்பளக் கம்பெனியில் உருட்டுகிறாள். அந்தக் கண்ணாடி அப்பளத்துக்கும் உதவாது, தெருவுக்கும் உதவாது. ஒன்றரை முழத் தூரத்துக்கு மட்டும் உதவும். நேற்றுப் போனபோது அதைப் போட்டுக்கொண்டு புருஷனின் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இங்க உக்காந்தா இவரு மூஞ்சி சரியான தூரத்துல இருக்குக்கா. ரொம்பத்தான் எளச்சிட்டாரு, எனக்குத் தெரியவே இல்ல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "கண்ணாடிய வித்துடச் சொல்லுங்கக்கா. என்னையே மொறச்சிக்கிட்டு இருக்கா" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

உன் கார்டுக்கு வருகிறேன். மெட்ராசில் எடுத்த புதுக் கண்ணாடி போட்டால் தலைவலிக்கிறது, பீரோவில் இருக்கும் பழைய கண்ணாடியை அனுப்பவும் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். உனக்குத் தலைவலி வந்தால் அது கண்ணாடியின் தவறு. அவளுக்குக் கழுத்து வலித்தால் அது அவளுடைய கவனக்குறைவு. இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? இருந்தாலும் நான் உன் அம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலம் தள்ளாதே. நல்ல டாக்டராகப் பார்த்துப் போ. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவன் என்று நீயாகச் சொல், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். தூரத்தை அளந்து கொண்டுபோ. சாயம் கேட்காதே. நடுநடுவே எழுந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பார்.

பழைய கண்ணாடியைப் பார்சலில் அனுப்பியாகிவிட்டது. பெட்டிக்குள் அந்த வாழைநாரையும் சுருட்டி வைத்திருக்கிறேன். காய்ந்து முறுகிவிட்டது, இழுக்காமல் மெதுவாகப் பிரி. இரண்டு முடிச்சு இருக்கும். ஒன்றை உன் மூக்கில் வைத்துக்கொள். மற்றதைத் திரையில் பிடிக்க உன் பிரிவில் இருக்கிற யாரையாவது கூப்பிடு. நாற்பதைத் தாண்டியவராக இருந்தால் நல்லது. பிடிக்கும்போது அவர் கண்ணைச் சுருக்குகிறாரா என்று பார். பிறகு உட்கார்ந்து, 'என் அறிக்கை தவறு, அந்த அம்மாளைத் திரும்ப உட்கார வைத்துப் பார்க்கவும்' என்று மேனேஜருக்கு எழுது. இந்த இதழ் உன் கைக்கு வரும்போது பத்தாம் தேதிக்கு ஒரு வாரம் மிச்சம் இருக்கும். என்றைக்கு எழுதுகிறாய்? தேதியைச் சொல்.